நிலாவுக்கு ஏது மூலை?

மைக் என் கைக்கு வந்தபோது ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் கேள்வி கேட்டவரின் வியர்வையா, என்னுடையதா என்று இன்று வரை தெரியாது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். வெளியே கார்த்திகை மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மடக்கு நாற்காலிகளுக்குக் கீழே ஈரக் குடைகள். மேடையில் ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர். நம் நாட்டு விண்கலம் நிலாவைச் சுற்ற ஆரம்பித்திருந்த சமயம் அது. அதைப் பற்றி விளக்கம் சொல்ல அவரை வரவழைத்திருந்தார்கள்.

கேட்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் தள்ளிப்போட்ட கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, அது நிலாவைச் சுத்திக்கினே பின்னால போவுதே, அப்போ யாருகிட்ட பேசும்?"

இன்ஜினீயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார்கிட்டயும் பேசாது. நிலா நடுவுல மறைச்சிடும். பார்த்ததை எல்லாம் பதிஞ்சு வச்சிக்கிட்டு, இந்தப் பக்கம் வந்ததும் நமக்கு அனுப்பும்."

"அந்த நேரத்துல அதுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"வெளியே வந்தாதான் தெரியும்."

எனக்குப் பகீர் என்றது. "அப்போ மூலையில ஒரு ஆளை நிறுத்தணுமே ஐயா. அதையும் பார்த்துக்கினு, நம்மளையும் பார்த்துக்கினு."

இன்ஜினீயர் வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர் மேடை மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நிலா உருண்டைபா. உருண்டைக்கு ஏதுபா மூலை? நம்ம கேபிள்காரரை விட்டா அங்கயும் ஒரு கம்பத்தை நட்டு ஒயர் இழுத்துடுவாரு!"

ஹால் மொத்தமும் சிரித்தது. மழைச் சத்தத்தை மீறிக்கொண்டு சிரித்தது. என் பக்கத்து நாற்காலியில் என் தங்கை புருஷன் ஏகாம்பரம். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"உக்காரு மச்சான். தமாஷுக்குச் சொல்றாரு."

தமாஷ். அந்த தமாஷில் அவன் கால் விரல் இரண்டு போகப் போகிறது என்று அன்றைக்கு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தென்னங்கீற்று

ஏன் எனக்கு அந்தக் கவலை என்று நீங்கள் கேட்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு நிலாவுக்குப் பின்னால் நடப்பதில் என்ன அக்கறை?

நான் எப்படி நின்றேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பரீட்சை அன்று, மூன்றாவது தெரு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுநாள் போனால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் அன்றும் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. வீட்டில் கஷ்டம், அது இது என்று கதை சொல்ல மாட்டேன். பயம்தான்.

பிறகு மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி டிஷ் ஆன்டெனா மாட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். ஊருக்குக் கேபிள் டிவி வந்த புதுசு. ஆளை விடப் பெரிய டிஷ்ஷை வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துத் திருப்ப வேண்டும். ஒரு விரற்கடை தள்ளினால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். திருப்பிக்கொண்டே இருக்கையில் சட்டென்று ஒரு முகம் தெளியும் பாருங்கள், அந்த நிமிஷம் எனக்கு உயிர் வரும்.

அந்த வேலை எனக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. இரண்டு பேர் பேச வேண்டுமானால் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு தென்னங்கீற்று ஆடினாலும் போச்சு. அத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்த சிக்னல், பக்கத்து வீட்டுத் தென்னங்கீற்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். ஒரு கீற்றுக்கே அப்படியென்றால், ஒரு முழு நிலா நடுவில் வந்தால்?

விண்கலம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிலாவைச் சுற்றுகிறது, அதில் கொஞ்ச நேரம் கண்ணுக்கு மறைகிறது என்று பேப்பரில் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏணியில் நிற்கும்போதும் இப்போது பின்னால் போயிருக்குமா, வெளியே வந்திருக்குமா என்று மனசு கணக்குப் போட்டபடி இருந்தது. சிரிக்காதீர்கள். கேஸ் மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான்.

பயந்தவன் பார்க்கிற வேலை

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் பெரிய காரணம்.

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்று. பேரைப் போட மாட்டேன். போட்டால் வாசலில் வந்து நிற்பார்கள். ஊரின் பெரிய தேர்களுக்கு முன்னால் எங்கள் தேர் சின்னதுதான். ஆனால் அதன் சக்கரத்துக்கு அது தெரியுமா? காலில் ஏறினால் எந்தத் தேரும் பெரிய தேர்தான்.

தேர் தெரு திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். நீள வடம். வடத்தைப் பிடித்திருக்கிறவர்களில் முன்வரிசைக்காரர்கள் முதலில் மூலை திரும்பி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். தேர் இன்னும் இந்தத் தெருவில் நிற்கும். நடுவில் மூலை வீடு. இழுக்கிறவனுக்குச் சக்கரம் தெரியாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறவனுக்கு, இழுக்கிறவன் தெரியாது. கட்டையை வைத்து எடுக்கும்போது கையும் காலும் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. கத்திச் சொல்லலாம் என்றால் மேளம், வேட்டு, கோவிந்தாவும் அரோகராவும் கலந்த கூச்சல்.

அதற்காக மூலைக்கு ஒரு ஆள் உண்டு. கையில் ஒரு வெள்ளைத் துண்டு. தூக்கிப் பிடித்தால் நிறுத்து. சுழற்றினால் இழு. அவ்வளவுதான் பாஷை.

புதிதாக அந்த வேலைக்கு வருகிறவன் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வான். மூலை வீட்டுச் சுவரை ஒட்டி நிற்பான். ஒட்டி நின்றால் ஒரு பக்கத்துக்குத் தெரிவான், மறு பக்கத்துக்குத் தெரிய மாட்டான். மூலையை விட்டு வெளியே தள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நிற்க வேண்டும். அங்கேயிருந்து இரண்டு தெருவும் கண்ணில் விழும்.

பதினாலு வருஷம் நான்தான் அந்த ஸ்டூலில் நின்றேன். சக்கரத்தடியில் ஏகாம்பரம். மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறவன். என்னை அந்த வேலைக்குக் கொண்டுவந்ததே அவன்தான்.

"தைரியசாலி வேணாம்பா," என்று சொன்னானாம். "அவன் வேடிக்கை பார்ப்பான். என் மச்சான் பயந்தாங்கொள்ளி. கண்ணைக் கூடச் சிமிட்ட மாட்டான்."

என் தங்கை சகுந்தலா தேரன்று காலையில் எனக்குக் காபி கொடுக்கும்போது ஒரே வாக்கியம்தான் சொல்வாள். "அண்ணா, அவரு காலு உன் கையில இருக்குது."

நோட்டீசின் பின்பக்கம்

கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு நான் வாசலில் நின்றேன். மழை விடவில்லை. இன்ஜினீயர் காருக்குக் காத்திருந்தார். என் குடையை அவருக்குப் பிடித்தேன்.

"நீங்க கேட்டது சரிதான்," என்றார் மெதுவாக. கூட்ட நோட்டீஸ் ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கத்தில் வரைந்தார். பூமி ஒரு வட்டம். நிலா ஒரு சின்ன வட்டம். நிலாவுக்கு அந்தப் பக்கம், இன்னும் தள்ளி, ஒரு புள்ளி.

"இங்க ஒரு சாட்டிலைட். ரிலே சாட்டிலைட்டுன்னு பேரு. நிலாவோட பின்பக்கத்தையும் பார்க்கும், பூமியையும் பார்க்கும். அங்க வாங்கி இங்க கொடுக்கும்."

"நேரா பின்னால நின்னா இதையும் நிலா மறைக்குமே ஐயா?"

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஆமா. அதனால அது நிக்காது. அகலமா ஒரு வட்டம் அடிச்சுக்கிட்டே இருக்கும். எப்பவும் நிலாவோட ஓரத்தைத் தாண்டி வெளியே தெரியற மாதிரி."

தள்ளி நிற்கிறது! என் ஸ்டூல்!

"நிரந்தரமா அங்க அப்படி ஒண்ணை இன்னும் யாரும் நிறுத்தல. ஒரு நாள் நிறுத்துவாங்க," என்றார்.

"இதை மேடையில சொல்லியிருக்கலாமே ஐயா?"

"மைக் என்கிட்ட இல்லையே," என்று சிரித்தார். கார் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அந்த நல்ல மனுஷர் மேலும் எனக்குக் கோபம்தான். மழையில் ஒருத்தனுக்குச் சொன்னதை ஹாலில் இருநூறு பேருக்குச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

மறுநாளே நோட்டீசை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். பள்ளிக்கூடக் கமிட்டி, தேர்க் கமிட்டி, எல்லாவற்றுக்கும் அவர்தான் செயலாளர். கெட்டவர் இல்லை. ஊரில் யார் வீட்டுக் காரியம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் தான் சொன்னது தப்பாக இருக்க முடியும் என்று அவருக்கு ஒருமுறையாவது தோன்றியிருக்குமா, சந்தேகம்தான்.

படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "உம் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வரைஞ்சு கொடுத்திருக்காரு. படிச்சவங்க அப்படித்தான். வச்சுக்க."

அதற்குள் தெருவில் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். நிலா மூலை. "யோவ் நிலா மூலை, எங்க வீட்டுல படம் வரல, வந்து பாரு!" ஒரு வீட்டில் கிழவர் பாவம் அதுதான் என் நிஜப் பேர் என்று நினைத்து, "நிலாமூலை தம்பி" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

நாலு போன்

வெயில் ஏறியதும் தேர் வந்தது. தேருக்கு ஒரு வாரம் முன்னால் கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் மேஜை மேல் நாலு செல்போனைப் பரப்பி வைத்தார்.

"இனிமே துண்டு, ஸ்டூலு எல்லாம் வேணாம். வடத்துக்கு முன்னால ஒரு போன், சக்கரத்துக்கிட்ட ஒரு போன், தேர் மேல ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. நிலா வரைக்கும் பேசுற காலம்பா இது!"

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "சார், போன தேரன்னைக்கு என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். கூட்டத்துல லைனே கிடைக்கல. அத்தனை பேரும் ஒரே நேரத்துல பேசுனா டவர் திணறிடும் சார்."

"டவரு ரெண்டு தெரு தள்ளிதான்பா இருக்குது."

"பக்கத்துல இருந்தாலும் கூட்டம் கூட்டம்தானே சார்?"

"நீ பயப்படாம இந்த வருஷம் குடும்பத்தோட நின்னு சாமி கும்புடு. பதினாலு வருஷமா சக்கரத்தையும் வடத்தையும்தானே பார்த்துக்கினு நின்னே."

கைதட்டினார்கள். அதில் ஏகாம்பரம் கை தட்டவில்லை. வெளியே வந்ததும் சொன்னான். "மச்சான், அவரு சொல்றதைச் சொல்லட்டும். நீ துண்டை எடுத்துக்கினு வந்து நில்லு. யாரு உன்னைத் தள்ளப் போறாங்க?"

"வேணாம்னு சொன்ன இடத்துல எனக்கு என்னடா வேலை?" என்றேன்.

இந்த வாக்கியத்தை எழுதும்போது என் மேலேயே எனக்கு வரும் ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்? வாழ்நாளெல்லாம் தேவையில்லாததற்குப் பயந்தவன், தேவையான அன்றைக்கு ரோஷப்பட்டுக்கொண்டு போனேன்.

தேரன்று மூலையிலிருந்து இருபது அடி தள்ளி, ஒரு மளிகைக் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. மிளகாய் மூட்டை நெடி. காலடியில் யாரோ உடைத்த சிதறுகாயின் ஓடு. வடம் என்னைத் தாண்டி, மூலை திரும்பி, அடுத்த தெருவுக்குள் போனது.

எவ்வளவு நேரம் பார்க்காமல் இருப்பது? திரும்பினேன்.

சக்கரத்துக்கிட்ட போன் வைத்திருந்தவன் ஒரு காதில் போன், மறு காதில் விரலை விட்டுக்கொண்டு, "அல்லோ! அல்லோ! நிறுத்துங்கபா! அல்லோ!" என்று கத்துகிறான். லைன் இல்லை. ஏகாம்பரம் குனிந்து கட்டையைப் பிடித்து இழுக்கிறான். கட்டை இறுகிவிட்டது. ஒரு காலைச் சக்கரத்துக்கு முன்னால் ஊன்றிவிட்டான். வழக்கமாக அந்த நிமிஷம் கையைத் தூக்கி மூலையைப் பார்ப்பான். அன்றைக்கும் பார்த்தான். பதினாலு வருஷப் பழக்கம். மூலையில் யாரும் இல்லை.

அந்தப் பார்வையை நான் பார்த்தேன்.

ஓடினேன். மூலைக்கு எதிரே நின்ற மூணு சக்கர சைக்கிள் மேல் ஏறி, தோளில் கிடந்த துண்டை உருவி இரண்டு கையாலும் தூக்கினேன். முன்வரிசையில் பழைய ஆட்கள். யாரும் அவர்களுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டைப் பார்த்ததும் வடத்தைத் தளர்த்திவிட்டார்கள்.

அரை மூச்சு தாமதம். சக்கரம் ஒரு விரற்கடை உருண்டிருந்தது.

சாத்துக்குடி

வலது காலில் கட்டை விரலும் அடுத்த விரலும் போயின. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தா பாதமே போயிருக்கும்" என்றார். சகுந்தலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். காபி டம்ளரை என் கையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் செயலாளர் ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்தார். கட்டிலின் காலடியில் நின்று, கட்டுப் போட்ட காலைப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு சொன்னார். நான் காதால் கேட்டேன்.

"கொஞ்சம் பார்த்துக் காலை வச்சிருக்கலாம் இல்ல ஏகாம்பரம்?"

என் தங்கை எழுந்தாள். பையை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், இதை எடுத்துக்கினு போங்க. அவரு பார்த்துத்தான் வச்சாரு. பார்க்க அங்க ஆளு இல்ல."

ஏகாம்பரம் மூன்று மாசத்தில் ஆட்டோவைத் தொட்டான். ஆட்டோவில் பிரேக் வலது காலில்தான். முதலில் அமுக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பான். பிறகு குதிகாலால் மிதிக்கப் பழகிக்கொண்டான். யாராவது கேட்டால், "சாமி ரெண்டு விரலைத் தட்சணையா எடுத்துக்கிச்சு" என்று சிரிப்பான். அவனால் சிரிக்க முடிகிறது. எனக்கு இன்று வரை முடியவில்லை.

கமிட்டி நோட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "கட்டை போடுபவரின் கவனக்குறைவால் சிறு விபத்து." சிறு. கவனக்குறைவு. எட்டாம் வகுப்புப் படித்த எனக்கே அந்த இரண்டு வார்த்தையும் பொய் என்று தெரிகிறது.

அடுத்த தேருக்கு நான் யாரையும் கேட்கவில்லை. விடியற்காலையிலேயே ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். ஏகாம்பரம் நொண்டிக்கொண்டு சக்கரத்துக்குப் போனான். "வேணாம்டா" என்றால் கேட்டால்தானே. "நீ நிக்கிறல்ல, அப்புறம் என்ன?" என்றான். போன் நாலும் என்ன ஆயிற்று என்று யாரும் பேசவில்லை.

பேப்பரில் வந்த புள்ளி

பல வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு, ஒரு நாள் காலை பேப்பரில் ஒரு படம். பூமி ஒரு வட்டம், நிலா ஒரு வட்டம், நிலாவுக்கு அந்தப் பக்கம் தள்ளி ஒரு புள்ளி. சீனாக்காரர்கள் நிலாவின் பின்பக்கத்தில் ஒரு கலத்தை இறக்கப் போகிறார்களாம். அது பூமியோடு பேசுவதற்காக, முன்கூட்டியே ஒரு ரிலே சாட்டிலைட்டை அந்தப் புள்ளிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

முன்கூட்டியே. கவனியுங்கள். முதலில் மூலைக்கு ஆளை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் சக்கரத்தடிக்கு ஆளை அனுப்புகிறார்கள்.

பேப்பரையும் பழைய நோட்டீசையும் எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் ஆட்டோவிலேயே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவருக்கும் வயசாகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் காத்திருந்தேன். ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றான். அந்த வலது கால் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

"பார்த்தியா," என்றார் செயலாளர். "நான் அப்பவே நினைச்சேன், இதுக்கு ஏதாவது ஒரு வழி வச்சிருப்பாங்கன்னு."

திரும்பி வரும் வழியெல்லாம் ஏகாம்பரம் ஹேண்டில்பாரில் குனிந்து குனிந்து சிரித்தான். "விடு மச்சான், வயசான மனுஷன். உன் மூஞ்சைப் பார்க்கணுமே!"

நான் விடவில்லை. விடவும் மாட்டேன்.

இந்த வருஷத் தேரில் செயலாளர் சாஸ்திரத்துக்கு வடத்தில் கை வைத்து, முன்வரிசையோடு மூலை திரும்பினார். நான் ஸ்டூல் மேல். அந்தப் பக்கம் ஏகாம்பரம் கையைத் தூக்கினான். நான் துண்டைத் தூக்கினேன். செயலாளர் உடனே நின்றார். பக்கத்தில் இருந்தவனையும் கையை நீட்டி நிறுத்தினார். ஏகாம்பரம் கட்டையை உருவி எடுத்து விலகும் வரை என் துண்டை விட்டு அவர் கண் நகரவில்லை.

நிலாவிலிருந்து பூமிக்குச் சேதி வந்து சேர ஒன்றேகால் செகண்டு ஆகிறதாம். செயலாளர் வீட்டுக்கும் ஏகாம்பரம் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. ஒரு வார்த்தை இன்னும் வந்து சேரவில்லை.